தாடகை மலையும் இரண்டு முக்கோணங்களும்

நாஞ்சில் நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் வேண்டுமானாலும் நுழைந்து, ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இயற்கைக் காட்சி ஒன்று வரையுங்கள் என்று சொல்லிவிட்டு, அரைமணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், தாளுக்குத் தாள் ஒரே சித்திரந்தான் நம்மை வரவேற்கும். பக்கத்துப் பக்கமாக இரண்டு முக்கோணங்கள், அவை மலைகள். அவற்றின் சந்தில் பாதி முகம் காட்டும் சூரியன். மலையடியிலிருந்து நெளிந்து வரும் ஓர் ஆறு, அதன் கரையில் ஒரு குடிசை, குடிசைக்குத் துணையாக ஒரு தென்னை, ஆகாயத்தில் மூன்று நான்கு காக்கைகள். மலை என்பதையே பார்த்திராத தஞ்சாவூர்ப் பிள்ளையும் இதையேதான் வரைகிறது; அதில் ஆச்சரியமில்லை. ஆனால் பூதப்பாண்டிப் பிள்ளையும் இதையே வரைகிறதே, அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஏனென்றால், பூதப்பாண்டியில் சன்னலைத் திறந்தால் மலை தெரியும். தலைமயிரை விரித்துப் போட்டு ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போன்ற தோற்றம் கொண்டிருப்பதால், ராமாயணக் கதையோடு அதை முடிச்சுப் போட்டு, தாடகை மலை என்று நம் பெரியவர்கள் பெயர் வைத்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அந்த மலையின் விளிம்பில் நெற்றியும் மூக்கும் மோவாயும் தெரிந்தன. இன்றைக்கு அதே விளிம்பின் கீழே உட்கார்ந்து முக்கோணம் போடும் பையனிடம், "இது எந்த மலை மக்கா?" என்று கேட்டால், "சும்மா மலை, சாரே" என்று பதில் வரும்.

அந்தச் 'சும்மா மலை'யில்தான் சித்திரக் கல்வியின் முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. மலை என்றால் முக்கோணம், மரம் என்றால் குச்சியின்மேல் ஒரு மேகம், முகம் என்றால் வட்டத்துக்குள் இரண்டு புள்ளி என்று மனம் முன்கூட்டியே சில அடையாளங்களைச் சேமித்து வைத்திருக்கிறது. கை அந்த அடையாளங்களைப் பிரதி எடுக்கிறது. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லாமற் போகிறது. சிறு குழந்தை அப்படி வரைவது இயல்பு, அழகுங்கூட. ஆனால் பதினோரு, பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கே தன் படத்தின்மேல் அதிருப்தி பிறக்கிறது. "எனக்கு வரைய வராது" என்று சொல்லி, ஜன்மம் முழுவதற்குமாக அது பென்சிலைக் கீழே வைத்துவிடுவதும் அந்த வயதில்தான். வராதது கையல்ல என்றும், பார்க்கும் பழக்கமே இன்னும் வரவில்லை என்றும், அந்தச் சமயத்தில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவ்வாறு பார்க்கப் பழகுவதற்கு உதவும் கருவிகளே கோடு, வடிவம், திண்மம், வர்ணம், ஒளிநிழல், பரப்பின் தன்மை, வெளி என்று சித்திரப் பாடப் புத்தகங்கள் கூறும் ஏழு அடிப்படைகள். அவற்றைக் கற்க நம் மாவட்டத்துப் பிள்ளை எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டு முற்றத்திலிருந்து புறப்பட்டால் போதும்.

முற்றத்தில் இருப்பது கோடு. மார்கழி விடியலில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே மாவை வழியவிட்டு, புள்ளிகளைச் சுற்றிச் சுற்றித் திரும்பி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் கோலத்தை இடுகிற தாய்க்கு, கோட்டைப் பற்றி எந்த ஆசானும் புதிதாகச் சொல்லித்தர எதுவுமில்லை. கோடு என்பது இயற்கையில் இல்லாத ஒன்று என்பதைப் பிள்ளை முதலில் உணர வேண்டும். வாழையிலையைச் சுற்றி யாரும் கரிக்கோடு போட்டு வைக்கவில்லை. இலையின் பச்சை முடிந்து பின்னாலுள்ள சுவரின் வெண்மை தொடங்கும் இடத்தைத்தான் நாம் கோடாக மாற்றிக்கொள்கிறோம். அப்படி மாற்றிய கோட்டுக்கு ஒரு குணமும் வந்துவிடுகிறது. குமரிமுனையில் கடலும் வானும் சேரும் கிடைக்கோடு மனத்தை அமைதிப்படுத்துகிறது. வயல்காட்டில் ஒற்றையாய் நிற்கும் பனையின் நிமிர்ந்த கோடு கம்பீரத்தைக் காட்டுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சாய்ந்துபோன மரங்களின் சரிவுக்கோடோ, காற்று வீசாத நேரத்திலும் காற்றை நம் கண்முன் நிறுத்துகிறது. ஒரு பிள்ளை தன் தென்னையைச் செங்குத்தாக நிறுத்தாமல், சற்றே சாய்த்துப் போடத் தொடங்கிவிட்டால், கோட்டின் பாடத்தை அது கற்றுக்கொண்டது என்று பொருள்.

கோடு சுற்றி வந்து தன்னைத் தானே தொட்டால் வடிவம் பிறக்கிறது. அந்த வடிவத்துக்குப் பருமை சேர்ந்தால் அது திண்மமாகிறது. வட்டத்துக்கும் பந்துக்கும், சதுரத்துக்கும் பெட்டிக்கும் உள்ள பேதம் இதுதான். கரும்பலகையில் இதை விளக்குவதைவிட, மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள சிதறால் மலைக்குப் பிள்ளைகளை ஒருநாள் நடத்திக்கொண்டு போவது மேல். சமணர்கள் தவமிருந்த அந்தக் குன்றில், 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புடைப்புச் சிற்பங்கள் பாறை முகத்தில் வரிசையாக இருக்கின்றன. பாம்புப் படத்தின் கீழே நிற்கும் பார்சுவநாதரும், அம்பிகையும், தியானத்தில் அமர்ந்த தீர்த்தங்கரர்களும் பாறையை முற்றிலும் விட்டு வெளியே வரவுமில்லை, அதற்குள்ளேயே மறைந்துவிடவுமில்லை. தட்டையான வடிவத்துக்கும் முழுமையான திண்மத்துக்கும் நடுவழியில் நிற்பவை அவை. முற்றத்துக் கோலத்தை ஒரு முனையாகவும், மயிலாடியில் கல்தச்சர்கள் செதுக்கும் முழு உருவச் சிலையை மறு முனையாகவும் வைத்து, சிதறால் சிற்பத்தை நடுவே நிறுத்திப் பார்த்தால், மூன்று வாரத்துப் பாடம் மூன்று நிமிஷத்தில் விளங்கிவிடும்.

வர்ணத்தின் பாடசாலை தோவாளை. அங்கே பூச்சந்தை இருப்பதை எல்லோரும் அறிவர். அந்த ஊரில் கட்டப்படும் மாணிக்க மாலையை நின்று பார்த்தவர்கள் குறைவு. வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, நெருக்கி நெருக்கிக் கட்டி, பூவென்றே தெரியாதபடி, பாய் விரித்தாற்போலத் தட்டையாகவும், மாணிக்கக் கற்களை வரிசையாய்ப் பதித்தாற்போல ஜ்வலிக்கவும் செய்கிறார்கள். 2025-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மாலையில் சிவப்பு ஏன் அப்படி எரிகிறது என்று கேட்டால், அதன் பக்கத்தில் பச்சை இருப்பதால்தான். வர்ணங்களை வட்டமாக அடுக்கினால் சிவப்புக்கு நேர் எதிரே பச்சை வரும். மஞ்சளுக்கு எதிரே ஊதா, நீலத்துக்கு எதிரே செம்மஞ்சள். எதிரெதிர் வர்ணங்கள் பக்கத்தில் அமரும்போது ஒன்றையொன்று தூக்கிக்காட்டும்; ஒன்றோடொன்று கலந்தாலோ இரண்டும் ஒளியிழந்து மங்கும். மாலை கட்டுகிறவர் இந்த வட்டத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த கண் அவருக்கு அதைச் சொல்லிவிடுகிறது.

குறைந்த வர்ணத்தில் நிறைந்த சித்திரம் எழுதுவது எப்படி என்பதற்கு வேறொரு சான்று தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கிறது. மார்த்தாண்டவர்மர் 1750-ஆம் ஆண்டில் எழுப்பிய உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவர்களில் அனந்தசயனம் முதலான சித்திரங்கள் நிறைந்துள்ளன. அவற்றின் நலம் கருதி அந்தத் தளத்துக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. அந்தச் சித்திர மரபுக்கு ஆதாரமானவை ஐந்தே வர்ணங்கள்: மஞ்சள், சிவப்பு, பச்சை, கருப்பு, வெள்ளை. காவிக் கற்களை அரைத்து மஞ்சளும் சிவப்பும், அவுரி நீலத்தோடு மஞ்சள் பிசினைச் சேர்த்துப் பச்சையும், எண்ணெய் விளக்கின் புகைக்கரியிலிருந்து கருப்பும் எடுத்தார்கள். வெள்ளைக்குத் தனிச் சாயம் தேடவில்லை, சுண்ணாம்பு பூசிய சுவரையே வெள்ளையாக விட்டுவைத்தார்கள். சுவர் நன்கு உலர்ந்த பின்பே வரைந்தார்கள். சாயம் பிடிப்பதற்கு வேப்பம்பிசினும் இளநீரும் உதவின. இங்கே வர்ணம் வெறும் அலங்காரமன்று. அதற்கு அர்த்தம் உண்டு. சாத்விக குணமுள்ள தெய்வத்துக்குப் பச்சை மேனி, ராஜஸ குணத்துக்குச் சிவப்பு என்ற நியமத்தை அந்தச் சித்திரக்காரர்கள் கைக்கொண்டார்கள். நூற்றிருபது வர்ணப் பென்சில்கள் கொண்ட பெட்டியைப் பிள்ளைக்கு வாங்கித் தருகிற தகப்பனார் இதை ஒருகணம் நினைத்துக்கொள்வது நல்லது.

வர்ணத்துக்கும் ஒளிநிழலுக்கும் உள்ள உறவு நுட்பமானது. அந்தச் சுவர்ச் சித்திரங்களில் வெளிச்சம் ஒரு திசையிலிருந்து விழுவதில்லை. தெய்வ உருவங்களின் கீழே நிழல் கிடப்பதில்லை. ஆனால் அதே திருவிதாங்கூர் ராஜ்யத்தில், 1848-ஆம் ஆண்டு கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா எழுதிய எண்ணெய்ச் சித்திரங்களைப் பார்த்தால், கன்னத்தின் ஒரு புறம் வெயில் பட்டது போல ஒளிர, மறுபுறம் மெல்ல மெல்ல இருளுக்குள் இறங்குவதைக் காணலாம். ஒரே நாட்டில் பிறந்த இரண்டு மரபுகளில் ஒன்று கோட்டையும் வர்ணத்தையும் நம்பியது. மற்றொன்று ஒளியையும் நிழலையும் நம்பியது. ஒன்று உயர்வு, மற்றொன்று தாழ்வு என்று பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே போதும். ஒளிநிழலை நேரில் காண விரும்பினால், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் பிரகாரத்தில் காலை வேளையில் நின்று பார்க்கலாம். இருநூறுக்கு மேற்பட்ட தூண்களில் விளக்கேந்திய பாவையர் நிற்கிறார்கள். வெளிச்சம் ஒரு பக்கமாகச் சரிந்து விழும்போது, அவர்களுடைய மூக்கும் தோளும் கையும் கல்லைவிட்டு எழுந்து வருவது போலிருக்கும். மேகம் மூடிய பொழுதில் அதே பாவையர் கல்லோடு கல்லாய் அமிழ்ந்துவிடுவார்கள். கல் மாறவில்லை, உளி படவில்லை. மாறியது ஒளி ஒன்றே.

பரப்பின் தன்மை என்பது கண்ணால் தொடுவது. பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரை, சுண்ணாம்பு, மணல், சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு, பதநீர்க் கருப்பட்டி ஆகியவற்றைக் கொண்டு போடப்பட்டதென்பர். இன்றும் நடப்பவரின் நிழலைக் கண்ணாடிபோலக் காட்டும் அந்த வழவழப்பைத் தொடாமலே உணர்கிறோம். பலாப்பழத்தின் முள்தோல், தென்னைத் தடியின் வளையத் தழும்புகள், வெட்டுக்கல் சுவரின் துளைகள், மீனின் செதில், நனைந்த பனையோலை என்று நம் மாவட்டத்தில் சொரசொரப்புக்குக் குறைவேயில்லை. இவற்றின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், ஒவ்வொன்றும் தன் கையெழுத்தை இட்டுக் கொடுத்துவிடும். செலவில்லாத பாடம் இது.

ஏழாவதாகிய வெளியே எல்லாவற்றிலும் கடினமானது. தாள் தட்டை, உலகமோ ஆழம் உடையது. அந்த ஆழத்தைத் தாளில் எப்படிக் கொண்டுவருவது? இந்தக் கேள்விக்கு 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலி தேசத்தில் புருனெல்லெஸ்கி என்னும் கட்டடக்கலைஞர் ஒரு விடை கண்டார்; அல்பெர்த்தி என்பவர் 1435-ஆம் ஆண்டில் அதை நூலாக எழுதினார். நமக்கு அதைக் கற்பிக்க மாத்தூர் தொட்டிப் பாலம் இருக்கிறது. பறளியாற்றின் குறுக்கே, 1966-ஆம் ஆண்டில், மலைக்கு மலை தண்ணீரைக் கொண்டுசெல்லக் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின்மேல் ஒரு முனையில் நின்றுகொண்டு மறு முனையை நோக்கினால், இரண்டு பக்கத்துக் கைப்பிடிச் சுவர்களும் நெருங்கி நெருங்கிப் போய் ஒரு புள்ளியில் கூடுவது போலத் தோன்றும். நடந்து போய்ப் பார்த்தால் அகலம் எங்கும் ஒன்றாகவே இருக்கும். கீழே இறங்கி ஆற்றங்கரையில் நின்றால், 28 தூண்களில் அருகிலுள்ளது பெரிதாகவும் அடுத்தடுத்தவை சிறிதாகவும் தெரியும். எல்லாத் தூணும் ஒரே மாதிரி என்று அறிவு சொல்கிறது. அப்படியல்ல என்று கண் சொல்கிறது. வரைகிறவன் அந்த நேரத்துக்குக் கண்ணின் பக்கம் சேர வேண்டும்.

ஆனால் நம் பழைய சித்திரக்காரர்கள் இந்த முறையைக் கையாளவில்லையே, அவர்களுக்குத் தெரியாதா என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். கேட்டால் அந்தப் பிள்ளையைப் பாராட்ட வேண்டும். அனந்தசயனச் சித்திரத்தில் பெருமாள் பெரிதாகவும், சுற்றி நிற்கும் முனிவர்கள் சிறிதாகவும் இருப்பது தூரத்தால் அல்ல, பெருமையால். யார் பிரதானமோ அவரே பெரியவர் என்பது அந்தச் சித்திரத்தின் இலக்கணம். கண்ணுக்குத் தெரிவதை வரைவது ஒரு முறை. கருத்துக்குத் தெரிவதை வரைவது மற்றொரு முறை. ஆனால் கருத்தை வரைந்த அந்தப் பெரியவர்கள் ஒவ்வொரு நகத்தையும் நகையையும் கூர்ந்து பார்த்த பிறகே அதற்கு வந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. முக்கோண மலை கருத்தும் அல்ல, காட்சியும் அல்ல. அது வெறும் வழக்கம்.

இந்த ஏழு பொருள்களையும் சேர்த்துச் சமைப்பதற்குச் சில நியமங்கள் உள்ளன. பிரமாணம் என்னும் அளவு அவற்றில் முதன்மையானது. நம் சிற்ப சாஸ்திரம் முகத்தின் நீளத்தைத் தாலம் என்ற அலகாகக் கொண்டு, பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், விநாயகருக்கு ஐந்து தாலம் என்று வகுத்திருக்கிறது. சாதாரண மனிதருடைய உயரம் ஏறத்தாழ ஏழு, ஏழரைத் தலை. சிறு பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. முகம் வரையும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கண்ணை நெற்றிக்கு வெகு அருகில் வைத்துவிடுகிறார்கள். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நட்ட நடுவே கண் இருப்பதை ஒரு நூலைக் கொண்டு அளந்து காட்டினால், அவர்கள் அடையும் பிரமிப்பைப் பார்க்க வேண்டும்! அடுத்தது சமநிலை. 134 அடி உயரமுள்ள சுசீந்திரம் கோபுரத்தை நடுவே ஒரு கோடிட்டுப் பிரித்தால், இடமும் வலமும் ஒத்திருக்கும். இது ஒருவகைச் சமநிலை. கணபதி ஸ்தபதி அமைத்து, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையோ இடுப்பில் சற்றே வளைந்து நிற்கிறது. இரு பாதியும் ஒத்திராமலே அது நிலைகொண்டிருக்கிறது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு ஓய்வாக நிற்கும் மனிதனின் சமநிலை அது. மூன்றாவது லயம். பத்மநாபபுரத்தின் பூமுகத்து மரக்கூரையில் செதுக்கிய 90 பூக்களில் ஒன்றைப் போல மற்றொன்று இல்லை என்பார்கள். ஆனாலும் எல்லாம் ஒரே தாளத்தில் அடங்கியிருக்கின்றன. மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் சலிப்பு. எதுவுமே திரும்பி வராவிட்டால் குழப்பம். திரும்பி வந்தும் புதிதாயிருப்பதே லயம்.

இவை யாவும் மேனாட்டார் வகுத்த சங்கதிகள், நமக்குப் புதியவை என்று யாரும் எண்ண வேண்டாம். ரூபபேதம், பிரமாணம், பாவம், லாவண்ய யோஜனை, சாதிருசியம், வர்ணிகாபங்கம் என்று சித்திரத்துக்கு ஆறு அங்கங்களை யசோதரர் என்னும் உரையாசிரியர் 13-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்திருக்கிறார். அந்த ஆறில் முதலாவதாக அவர் வைத்தது உருவத்துக்கு உருவம் உள்ள வேற்றுமையை அறிவதைத்தான். ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காணத் தெரிவதே அது. 'சும்மா மலை' என்ற ஒன்று சாஸ்திரத்தில் இல்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சில எளிய அப்பியாசங்களைச் சொல்லலாம். தீப்பெட்டி அளவில் ஓர் அட்டையின் நடுவே சதுரத் துவாரம் வெட்டிக்கொடுத்து, அதன் வழியாகப் பார்த்து, துவாரத்துக்குள் அடங்கியதை மட்டும் வரையச் சொல்லுங்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்ற விவேகம் தானே வரும். வேப்பமரத்தின் கிளைகளை விட்டுவிட்டு, கிளைகளுக்கு நடுவே தெரியும் ஆகாயத் துண்டுகளை வரையச் சொல்லுங்கள். கிளைகள் தாமாகவே அமைந்துவிடும். ஒரு முட்டையைச் சன்னலோரம் வைத்து, வெளிச்சம், இடைநிலை, நிழல் என்று மூன்றே படிகளில் எழுதச் சொல்லுங்கள். ஒரு படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையச் சொல்லுங்கள். அது இன்னதென்று பெயர் தெரியாத நிலையில் மனம் சும்மாயிருக்கும், கண் வேலை செய்யும். அழிப்பான் கொடுக்காதீர்கள். முடிந்த படத்துக்கு "நன்று", "சுமார்" என்று போடுவதைக் காட்டிலும், "இங்கே என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள்.

சித்திர வகுப்புப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுத்துவிடும் வழக்கம் நம் பள்ளிகளில் நெடுநாளாக உண்டு. கடன் திரும்பியதாகத்தான் சரித்திரமில்லை. எல்லாப் பிள்ளையும் ஓவியராக வேண்டியதில்லை என்று அதற்குச் சமாதானம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நிலத்தை அளப்பவனுக்கும், நாடி பார்ப்பவனுக்கும், இலையில் விழுந்த நோயைக் கண்டுகொள்ள வேண்டிய விவசாயிக்கும், மேகத்தையும் அலையையும் பார்த்துக் கட்டுமரத்தைத் தள்ளுகிற மீனவனுக்கும் வேண்டியது கூர்ந்து பார்க்கும் கண். அதைப் பழக்குகிற பாடம் பள்ளிக்கூடத்தில் இது ஒன்றே.

ஆதலால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, உங்கள் ஊரிலிருந்து எந்த மலை தெரிகிறதோ, வேளிமலையோ மருத்துவாழ்மலையோ தாடகை மலையோ, அதன் எதிரே போய் உட்காருங்கள். தாளும் பென்சிலும் போதும். முதல் பத்து நிமிஷம் வரைய விடாதீர்கள். பார்க்க மட்டும் சொல்லுங்கள். பிறகு வரைந்த படம் எப்படி வந்தாலும் கவலையில்லை. வீடு திரும்பும் வழியில், "இது எந்த மலை மக்கா?" என்று கேட்டுப்பாருங்கள், பெயரைச் சொல்லிப் பதில் வந்தால், அன்றைய பாடம் முடிந்தது.